பொங்கலுக்கு எண்ணெய் வைத்த சனிக்கிழமை

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் காற்றைத் துணியில் பிடித்துப் பிழிந்தால் அரைப்படி நல்லெண்ணெய் இறங்கும். குளத்துக்குப் போகிற கூட்டம் தலையில் வைத்துக்கொண்டது போக மிச்சத்தைப் பால்காரர் சைக்கிள், மின்கம்பம், குறுக்கே வருகிற நாய் என்று எல்லாவற்றிலும் தடவிவிட்டுத்தான் போகும். அந்த ஊரில் எந்தக் கதவும் கிறீச்சிட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், அதுவும் குளத்துக்குப் போகிறவர்களுக்கு எண்ணெயும் சீயக்காயும் துண்டும் விற்றுப் பிழைக்கிற திருஞானசம்பந்தத்தின் வீட்டில், எண்ணெயே படக்கூடாத இரண்டு ஜீவன்களை ஒப்படைத்துவிட்டு மகனும் மருமகளும் கோயம்புத்தூருக்கு ரயிலேறியிருந்தார்கள்.

இரண்டும் முயல்கள். ஆண் முயலுக்குப் பொங்கல் என்று பெயர். வெள்ளை உடம்பில் மிளகு சிந்தியது போலப் புள்ளிகள். வெண்பொங்கலைப் போலவே எங்கே வைத்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். திருஞானசம்பந்தம், ராஜம் தம்பதியின் மகன் நிலவன் கல்யாணத்துக்கு முன்னாலேயே வளர்த்தது. பெண் முயலின் பெயர் சுறா. மருமகள் தமிழ்மொழி மண்டபத்தூரிலிருந்து சீர்வரிசையோடு கொண்டுவந்தது. கடற்கரையில் வளர்ந்ததால் வைத்த பெயர் என்று தெரியாதவர்கள் சொல்வார்கள். ஒருமுறை விரலை நீட்டினால் தெரிந்துகொள்வார்கள்.

மனிதர்கள் சம்பந்தம் பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. நெல் போடுகிற வீடும் மீன் பிடிக்கிற வீடும் ஆளுக்கு ஒரு மூட்டை ஆட்சேபணையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். வந்த வடை சூடாக இருந்ததால் மூட்டையை அவிழ்க்க நேரமில்லாமல் போய்விட்டது. முயல்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் பார்த்ததுமே இரண்டும் கட்டிப் புரண்டதில் பறந்த ரோமத்தைச் சேர்த்திருந்தால் பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு ஒரு மெத்தை தைத்திருக்கலாம். இரண்டுக்கும் ஆபரேஷன் செய்து, பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, இதன் துணியை அதற்கும் அதன் துணியை இதற்கும் போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே தட்டில் தீனி வைத்து, நிலவனும் தமிழ்மொழியும் தேனிலவுக்குக்கூடப் போகாமல் தவம் கிடந்தார்கள். ஆவணி முடிகிற சமயம் ஒருநாள் பொங்கல் தலையைத் தரையோடு தாழ்த்த, சுறா அதன் நெற்றியை நக்கியது. தமிழ்மொழி அழுதாள். நிலவன் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட, சிங்கப்பூர்ச் சித்தப்பா தம்பதியருக்கு வாழ்த்துச் சொன்னார்.

அந்த ஒட்டு காய்வதற்குள் தமிழ்மொழிக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலைக்கான பயிற்சி வந்துவிட்டது. முயல்களைத் தன் அம்மா அல்லியிடம் மண்டபத்தூரில் விடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ராஜம் விடவில்லை.

"ஏன் புள்ள, எங்க வூட்டுல எடமில்லையா? மாடு வச்சிருந்தேன், ஆடு வச்சிருந்தேன், ஒம் புருசனையே வளத்து ஆளாக்கி இருக்கேன். இந்த முயலு என்னா பண்ணிடும்?"

"அதுக்கில்லத்தை. அம்மாவுக்குன்னா சுறா பழக்கம்."

"பழக்கம் பண்ணிக்கிட்டா போவுது."

தமிழ்மொழி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னாள். "ரெண்டையும் பிரிச்சுடாதீங்கத்தை. ஒண்ணை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனாலும் இன்னொண்ணும் கூடப் போவணும். வாசனையிலதான் ஒண்ணையொண்ணு தெரிஞ்சுக்கும். சோப்பு, சென்ட்டு, பவுடரு எதுவும் பக்கத்துலயே போவக் கூடாது. வாசனை மாறிட்டா அதுக்கு இது அன்னியம்."

"சரி புள்ள. போயிட்டு வா. நீ வர்றப்ப ரெண்டும் கோலாட்டம் ஆடும்."

இதை அல்லியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் சங்கடம். மருமகளிடம் கொடுத்த வாக்கு தவறினால் ஒரு வாய்தான் பேசும். சம்பந்தி முன்னால் கொடுத்த வாக்கு தவறினால் மண்டபத்தூர் மீன் ஏலக்கூடம் முழுக்கப் பேசும்.

அதனால் ராஜம் முயல்களை வளர்த்த மாதிரி திருவாரூர்த் தேரைக்கூட யாரும் பராமரித்ததில்லை. விடியும்போதே அரிவாளோடு வரப்புக்குப் போய்ப் பனி காயாத அருகம்புல்லாக அறுத்து வருவாள். அதைத் துணியில் பரப்பி ஈரம் ஆற்றிய பிறகுதான் வைப்பாள். கொத்தமல்லியில் ஒரு பழுத்த இலை இருந்தால் அது திருஞானசம்பந்தத்தின் ரசத்துக்கு, பச்சையெல்லாம் பொங்கலுக்கு. புரட்டாசிப் புழுக்கத்தில் கூண்டுக்குள் ஈரச் செங்கல்லை வைத்து, குளிர்பெட்டியில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் கிடத்துவாள். இரண்டும் அந்த பாட்டிலை ஆளுக்கொரு பக்கம் அணைத்துக்கொண்டு தூங்கும். வந்தவர்களையெல்லாம் கூண்டுப் பக்கம் இழுத்துப் போய்க் காட்டாமல் காப்பி கொடுப்பதில்லை என்று தீர்மானமே போட்டுவிட்டாள்.

"அந்தப் பாட்டிலு எனக்குக் கெடையாதா?" என்று ஒருநாள் கேட்டார் திருஞானசம்பந்தம்.

"நீங்க மொதல்ல தலையைத் தாழ்த்திக் காட்டுங்க, பாப்பம்."

அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய மூணு மா நிலத்தில் சம்பா நடவு. அதிகாலையிலேயே ராஜம் வயலுக்குப் போய்விட்டாள். வாய்க்காலில் தண்ணீர் புரள, சேற்றில் கால் வைத்தால் முழங்கால்வரை இழுத்தது. நாற்றுமுடியை விசிறிக்கொண்டே நடவுப் பெண்கள் அவளை விடவில்லை.

"என்னாக்கா, டீயில முயலு முடி கெடக்கு?"

"கெடக்கட்டும். ஒனக்கு அந்தக் குடுப்பினை எங்க கெடைக்கும்?"

வெயில் உச்சிக்கு ஏறி, நடவு கரையேற இன்னும் ஒரு வயல் இருக்கும்போது, முயல்களுக்குச் செங்கல்லை நனைக்க வேண்டுமே என்று ராஜம் வீட்டுக்குக் கிளம்பி வந்தாள். கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடம் முழுக்கத் தலையணை வெடித்த மாதிரி ரோமம். நடுவில், அரிசி டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார் திருஞானசம்பந்தம். பொங்கலைத் தலைக்கு மேலே ஆகாச விளக்கு மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே சுறா காதை மடக்கிக்கொண்டு டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் வேட்டியின் ஓரத்தில் ஒரு விள்ளல் துணி ஏற்கெனவே காணவில்லை.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆவல. நீ மொதல்ல அவளைப் புடி."

"அவனை ஏன் தூக்கி வச்சிருக்கீங்க? கீழ விடுங்க."

"விட்டா கறியாயிடும் ராஜம்."

ராஜம் சுறாவின் மேல் துண்டைப் போட்டு அமுக்கிக் கூண்டுக்குள் விட்டாள். பிறகு பொங்கலை வாங்கினாள். நெற்றி ரோமம் படிய வாரிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒட்டியிருந்தது. காது ஓரத்தில் ஒரு கீறல். அந்த வீட்டில் சுவரே எண்ணெய் மணக்கும், அதனால் அவள் குனிந்து மூக்கைத் தலையில் வைத்துத்தான் மோந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எண்ணெய் வச்சீங்களா?"

திருஞானசம்பந்தம் உத்தரத்தில் எத்தனை கட்டை என்று பார்த்தார். "கடைக்கு டின்னு எடுக்க வந்தேன். இவன் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தான். காதைத் தொட்டா கொதிக்குது. ஒடம்பு சூடு. சூட்டுக்கு எண்ணெய் வைக்காம வேற என்னா பண்ணுவாங்க?"

"மருமவ சொன்னது ஒங்க காதுல விழவே இல்லையா?"

"சோப்பு கூடாதுன்னா, சென்ட்டு கூடாதுன்னா, பவுடரு கூடாதுன்னா. நல்லெண்ணெயைச் சொல்லலியே. அதுவும் நம்ம வூட்டுக்கு வந்த மருமவ, நல்லெண்ணெயை ஒரு வாசனைன்னு நெனைச்சிருப்பாளா?"

"வச்சதுதான் வச்சீங்க. ரெண்டுக்கும் வச்சிருந்தாலாச்சும் ரெண்டும் ஒண்ணுபோல இருந்திருக்கும். இவனுக்கு மட்டும் ஏன் வச்சீங்க?"

திருஞானசம்பந்தம் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார். "இன்னைக்கு சனிக்கெழமை ராஜம்."

"அதுக்கு?"

"சனி ஆம்பளைக்கு. அவளுக்கு வைக்கணும்னா நேத்தே வச்சிருக்கணும், வெள்ளிக்கெழமையில. பொட்டப்புள்ளைக்குப் போயி சனிக்கெழமை எண்ணெய் வைப்பாங்களா?"

ராஜம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு தலைக்கும் கிழமை மாறி எண்ணெய் ஏறியதில்லை. ஏற விடாமல் காவல் நின்றவள் அவளேதான். ஊர் உலகமே பதில் சொல்ல முடியாமல் தவிக்கிற அவள் வாய், அன்றைக்கு ஒரு எண்ணெய்க் கிண்ணத்துக்கு முன்னால் தோற்றுப்போனது.

பொங்கலை ஒரு கூடையில் விட்டாள். அது மூலையில் போய்க் குந்திக்கொண்டது. கொத்தமல்லியை மூக்குக்குப் பக்கத்தில் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அருகம்புல்லைக் காட்டினாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. கூண்டுக்குள் சுறா பின்னங்காலால் தரையை ஓங்கி ஓங்கி உதைத்தது. ஒவ்வொரு உதைக்கும் அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் பதில் சொல்லின. ராஜம் காரைக்காலில் இருக்கிற கால்நடை டாக்டர் ஹஃப்ஸாவுக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர், "புழுக்கை போட்டுச்சா?" என்றார்.

"இல்ல டாக்டர். காலையில போட்டதோட சரி."

"முயலு மெல்லுறதை நிறுத்தக் கூடாதும்மா. நிறுத்துனா கொடலு நின்னுடும். நின்னுடுச்சுன்னா உசுருக்கே வந்துடும். நான் நெடுங்காட்டுல ஒரு மாட்டுப் பிரசவத்துல நிக்கிறேன். சாயங்காலம் கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்துடுங்க. அதுக்குள்ள தண்ணி மட்டும் ஊத்திக் கழுவிடாதீங்க, நடுங்கியே போயிடும். சோள மாவைத் தூவித் தூவித் துடைங்க, எண்ணெயை இழுத்துக்கும். வர்றப்ப பொட்டையையும் கொண்டாங்க."

"அதைக் கூட கொண்டாந்தா இதைக் கொன்னுடும் டாக்டர்."

"கொண்டாரலைன்னா மறந்துடும். அப்புறம் ரெண்டும் மொதல்லேருந்துதான். அதுவுமில்லாம சோடி இல்லாத முயலு தின்னாது. ரெண்டுக்கும் ஒரே வாசனை வந்துட்டா நல்லது. இல்லாட்டி ரெண்டும் சேந்து பயப்படணும். சில பேரு கார்ல வச்சு ஒரு சுத்து ஓட்டுவாங்க, பயத்துல ஒட்டிக்கும்."

"எங்ககிட்ட மொபெட்டுதான் இருக்கு."

"பொறக்கப் போவுது, வச்சிடுறேன்" என்றார் டாக்டர். அந்தப் பக்கம் மாடு கத்தியது.

சோள மாவு தூவினார்கள். ராஜம் பிடித்துக்கொள்ள, திருஞானசம்பந்தம் தூவித் துடைக்க, கூடமே பலகாரக் கடை ஆனது. எண்ணெய்ப் பிசுக்கு இறங்கியது. மணம் இறங்கவில்லை. கூடையைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோன மாத்திரத்தில் சுறா கம்பியைக் கடித்தது.

"இப்ப அவளுக்கும் ரெண்டு சொட்டு வச்சிடுவமா?" என்றார் திருஞானசம்பந்தம், மிகவும் தாழ்ந்த குரலில்.

"சனிக்கெழமையிலயா?"

"அவசரத்துக்கு."

"அந்த எண்ணெயையும் நக்கி நக்கி வயிறு கெட்டு ரெண்டும் சேந்து போவட்டும்ங்குறீங்களா? பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். பொங்கல் அதைவிடப் பேசாமல் இருந்தது. ராஜம் அதன் முதுகில் கையை வைத்தாள். நேற்றுவரை தடவினால் பல்லை நறநறவென்று சந்தோஷமாக அரைக்கிற உடம்பு, இன்றைக்கு ஈரத்துணியை வைத்த மாதிரி அசைவில்லாமல் இருந்தது. மருமகளின் முகம் நினைவுக்கு வந்தது. முகம்கூட இல்லை, கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பிடி.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. திருநள்ளாற்றில் அந்த ஹாரனைத் தெரியாதவர்கள் இல்லை. கப்பல் சங்கைக் கழற்றி மாட்டினது போல இருக்கும். சம்பந்தி அல்லியின் குட்டி யானை வண்டி. புருஷன் ஃபைபர் படகில் கொண்டுவருகிற மீனை அல்லியே வண்டியில் ஏற்றி, அல்லியே ஓட்டிக் கும்பகோணம் வரை கொண்டுபோய் விற்பாள். வெறும் பெட்டிகளோடு திரும்புகிற வழியில் முயலைப் பார்க்க வந்திருந்தாள். வண்டியை எப்போதும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவாள். ராஜம் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன் கிடையாது. வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்று அல்லியே செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படியெல்லாம் வேண்டாம் என்று ராஜம் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று அந்த வண்டியில் ஏறச் சொன்னபோதுகூட, "வெயிலா இருக்கு, நான் நடந்தே வந்துடுறேன்" என்று சொன்னவள் அவள்.  அது அல்லிக்குப் புரியாமல் இல்லை.

"சம்பந்தியம்மா, புள்ளைங்க எப்படி இருக்கு?"

ராஜம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கு. தூங்குது."

உள்ளே 'டங்' என்று ஒரு உதை. எவர்சில்வர் தட்டு ஒன்று உருண்டு விழுந்தது.

"தூக்கத்துல கெட்ட கனவு போலருக்கு" என்று சொல்லிக்கொண்டே அல்லி உள்ளே வந்தாள். தலையிலிருந்து கால்வரை மாவாக நின்ற சம்பந்தியைப் பார்த்தாள். "என்னாண்ணே, அதிரசமா, முறுக்கா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? ராஜமே சொல்லிவிட்டாள். எண்ணெய் வைத்ததிலிருந்து டாக்டர் சொன்னதுவரை. இதோ அல்லி போனை எடுக்கப் போகிறாள், மகளைக் கூப்பிடப் போகிறாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அல்லி போனை எடுக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணன் சொல்றதும் சரிதானே. பொட்டப்புள்ளைக்கு சனிக்கெழமை எண்ணெய் ஆவாதே."

திருஞானசம்பந்தத்தின் முகத்தில் மாவையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது. ராஜம் பார்த்த பார்வையில் அணைந்தது.

அல்லி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொங்கலின் காதைத் தொட்டுப் பார்த்தாள். "சாயங்காலம்வரைக்கும் இப்படியே கெடந்தா சரிப்படாது. இப்பவே கெளம்பிடணும். எவ் வண்டி இருக்கு." அவள் நிறுத்தினாள். "ஆனா வெரதத்துல இருக்கீங்க. பொட்டியைக் கழுவித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் வாடை போவாது. வேற வண்டி சொல்லட்டுமா?"

"போவவே போவாதா?" என்றாள் ராஜம்.

"எத்தினி வருசத்து மீனு."

"வேற எதை ஏத்துனாலும்?"

"பன்னீர் ரோசாவை ஏத்துங்க, எறக்குறப்ப மத்திதான்."

ராஜம் விருட்டென்று திரும்பினாள். முடிந்திருந்த கொண்டை அவிழ்ந்து விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அப்ப ரெண்டுக்கும் ஒரே வாசனை."

அல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் கழித்து அவள் முகம் மெதுவாக விரிந்தது.

"வண்டியை வாசலுக்குக் கொண்டாங்க சம்பந்தி" என்றாள் ராஜம்.

"வாசலுக்கா?"

"வாசலுக்குத்தான். நடுவாசலுக்கு."

புரட்டாசிச் சனிக்கிழமை, ஊரே தலைமுழுகிப் பெருமாளுக்குத் தளிகை போடுகிற நேரத்தில், ராஜத்தின் கோலத்தின் மேல் மீன் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. எதிர்வீட்டு விஷ்ணுப்ரியா கையில் தயிர்ச்சாதத்தோடு வெளியே வந்து, மூக்கைப் பொத்தவா வாயைப் பொத்தவா என்று தெரியாமல் நின்றாள். ராஜம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் படியாக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டத்து யானை மேல் ஏறுகிறவளைப் போலப் பின்பக்கம் ஏறினாள்.

வாடை அவள் முகத்தில் கையால் அறைந்தது. மத்தி, சூடை, காரப்பொடி, நெத்திலி எல்லாம் வரிசையாக வந்து தங்கள் பெயரைச் சொல்லின. கண்ணில் நீர் வந்தது. முந்தானை மூக்கை நோக்கித் தானாகப் போனது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாக அல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜம் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அந்தப் பெரிய பொட்டியை எடுத்துக்குறேன் சம்பந்தி. அந்தச் சாக்கையும்."

ஐஸ் மேல் போர்த்துகிற சாக்கு அது. காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் அதற்குள் ஒரு கடலே மடித்து வைத்திருந்தது. அதைப் பெட்டிக்குள் விரித்து, திருஞானசம்பந்தம் கீழிருந்து எடுத்துக் கொடுத்த முயல்கள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலேயே புரட்டி எடுத்தாள். பெட்டியில் ஒரு மூலையில் பொங்கல், எதிர்மூலையில் சுறா, நடுவில் துண்டு சுற்றிய ராஜத்தின் கை. தார்ப்பாய் நிழலில் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். திருஞானசம்பந்தம் மாவோடு முன்சீட்டில் ஏறினார்.

"நல்ல ரோட்டுல போவவா, வாய்க்கா ரோட்டுல போவவா?" என்றாள் அல்லி. வாய்க்கால் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் போன வாரம் விழுந்த ஒரு சைக்கிள் இன்னும் கீழே போய்க்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு.

"வாய்க்கா ரோட்டுலயே போங்க."

வண்டி கிளம்பியதுமே சுறா பாய்ந்தது. துண்டின் மேல் விழுந்த பல் துண்டைத் தாண்டி விரலுக்கு வந்தது. ராஜம் கையை எடுக்கவில்லை. "கடி. நல்லா கடி. அவனை மட்டும் தொடாத" என்றாள். இரண்டாவது முறை சுறா காலைக் கூட்டிக்கொண்டு எம்பியபோது முதல் பள்ளம் வந்தது. முயல், பெட்டி, ராஜம் மூவரும் ஒரே நேரத்தில் ஆகாயத்துக்குப் போய், ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள். சுறாவுக்குத் தான் எதற்காக எம்பினோம் என்பதே மறந்துபோனது.

"சம்பந்தியம்மா, மெதுவா ஓட்டவா?" ஜன்னல் வழியாக அல்லி கத்தினாள்.

"பள்ளமாப் பாத்து வுடுங்க சம்பந்தி."

"ராஜம், நான் எறங்கிக்கிறேன்" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சட்டை செய்யவில்லை.

இரண்டாவது பள்ளத்தில் சுறாவின் காது முதுகோடு ஒட்டியது. மூன்றாவதில் அது நகர்ந்து நகர்ந்து ராஜத்தின் கையோடு வந்து ஒட்டிக்கொண்டது. கையின் அந்தப் பக்கம் பொங்கல் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. இரண்டின் மூக்கும் தையல் மிஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டன. எங்கே மோந்தாலும் மத்தி. மேலே மத்தி, கீழே மத்தி, பக்கத்தில் இருப்பவனும் மத்தி. இதில் எவன் அன்னியன், எவன் சொந்தக்காரன்? சுறா தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. ராஜம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் நடுவிலிருந்த கையை ஒரு விரல் அளவு, இன்னொரு விரல் அளவு என்று உருவினாள்.

வண்டி குலுங்கியது. பொங்கல் சறுக்கிக்கொண்டு போய்ச் சுறாவின் தாடைக்குக் கீழே செருகிக்கொண்டது. தலையைத் தரையோடு தாழ்த்தியது. சுறா வாயைத் திறந்தது.

ராஜம் தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் ஒரே பெயராகச் சேர்த்துக் கூப்பிட்டாள்.

சுறா நாக்கை நீட்டிப் பொங்கலின் நெற்றியை ஒரு நக்கு நக்கியது. நிறுத்தி யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு நிறுத்தவே இல்லை. கண்ணோரம், காது மடிப்பு, கீறல் விழுந்த இடம் என்று, தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடித்த தாய் அடிக்கிற கோபத்தோடு நக்கியது.

"சேந்துடுச்சு" என்றாள் ராஜம்.  மறுபடி, வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்கும்படியாக, "சம்பந்தி, சேந்துடுச்சு" என்றாள்.

அல்லி ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. கப்பல் சங்கு காரைக்கால்வரை கேட்டது. வயலில் நாற்றுமுடியோடு நின்ற பெண்கள் நிமிர்ந்து கையாட்டினார்கள், என்ன விசேஷம் என்று தெரியாமலே.

ஆனால் ராஜம் இன்னும் கையாட்டவில்லை. அவளுக்கு இன்னொன்று ஆகவேண்டியிருந்தது. கிளம்பும்போது இடுப்பில் செருகியிருந்த கொத்தமல்லியை எடுத்துப் பெட்டிக்குள் நீட்டினாள். பொங்கல் பார்க்கவில்லை. சுறா ஒரு தண்டைப் பிடுங்கி மென்றது. கறுக் கறுக்கென்று சத்தம் வந்தது. பொங்கலின் காது ஒன்று திரும்பியது. பிறகு மூக்கு. பிறகு, வாழ்நாளெல்லாம் வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த வெண்பொங்கல், சுறாவின் வாயிலிருந்த தண்டின் மறுமுனையைக் கடித்து இழுத்தது. தண்டு குறையக் குறைய இரண்டு மூஞ்சியும் நெருங்கி, மூக்கோடு மூக்கு இடித்து நின்றன.

இழுபறியில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதற்குள் போன் அடித்தது. தமிழ்மொழி.

"அத்தை, என்னா சத்தம் அது? எங்க இருக்கீங்க?"

"வண்டியில."

"யாரு வண்டியில?"

"ஒங்கம்மா வண்டியில."

 லைன் போய்விட்டதோ என்று ராஜம் போனைத் தட்டிப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள் தமிழ்மொழி மெதுவாக, "இன்னைக்குச் சனிக்கெழமை."

"தெரியும் புள்ள. அதைப் பத்தி ஒம் மாமனாரு வெளக்கமா சொல்லுவாரு. இப்ப வையி. எனக்குக் கை ஒழியல."

கை உண்மையாகவே ஒழியவில்லை. பெட்டியின் ஓரத்தில், சாக்கின் மேல், மிளகைவிடப் பெரியதாக, உருண்டையாக, பளபளவென்று ஒன்று விழுந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ராஜம் பொங்கலின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகமில்லை. தங்கக் காசு கொட்டினாற்போல வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கல்யாணத்துக்கு எடுத்த மூக்குத்தியைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை.

காரைக்காலில் கிளினிக் வாசலில் குட்டி யானை வந்து நின்றபோது, டாக்டர் ஹஃப்ஸா அப்போதுதான் வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நெடுங்காட்டு மாடு கிடாரிக் கன்று ஈன்றிருந்தது. வரிசையில் நாய்க்குட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்கள், காற்று அடித்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, தாங்களாகவே எழுந்து வழிவிட்டார்கள். நாய்கள் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டின. முன்னால் ராஜம், தலைமுடியில் ஒரு மீன் செதில் மின்ன. பக்கத்தில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு அல்லி. பின்னால் மாவும் புழுதியும் சேர்ந்து பிசைந்த கோலத்தில் திருஞானசம்பந்தம். வெற்றி பெற்ற வேட்பாளர்கூட அப்படி ஓர் ஊர்வலம் வந்ததில்லை.

ராஜம் மேஜை மேல் கையை நீட்டி உள்ளங்கையைத் திறந்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"எப்ப போட்டது?"

"சூடு ஆறல டாக்டர்."

டாக்டர் பொங்கலின் வயிற்றில் காதுமாட்டியை வைத்துக் கேட்டார். காதைத் திருப்பிக் கீறலைப் பார்த்தார். கண்ணை, பல்லைப் பார்த்தார். அவர் பார்க்கிற நேரம் முழுக்கச் சுறா மேஜை மேல் பொங்கலோடு ஒட்டி உட்கார்ந்து, டாக்டரின் விரலை எந்த இடத்தில் கடிக்கலாம் என்று அளவெடுத்துக்கொண்டிருந்தது.

"கீறலு தானா ஆறிடும். கொடலு ஜோரா ஓடுது. இதுங்க ரெண்டும் இனிமே அடிச்சாலும் பிரியாது." அவர் காதுமாட்டியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நான் பாக்க இங்க வேலையே இல்லியே. வழியிலயே சரியாயிடுச்சுன்னா திரும்பிப் போயிருக்கலாம்ல? பின்ன எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ராஜம் அல்லியைப் பார்த்தாள். அல்லி ராஜத்தைப் பார்த்தாள்.

"காட்டத்தான் டாக்டர்" என்றாள் ராஜம்.